அளவு ஜாக்கெட் குடுக்காம, உடம்பு அளவெடுத்து பேப்பர்ல வெட்டி வீட்லயே தைக்கிறவங்க எப்படி பண்றீங்க?

செம்பருத்தி_தஞ்சை
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மெஷின் நல்லாவே ஓட்டத் தெரியும், பாவாடை, நைட்டி, பசங்களுக்கு கவுன் எல்லாம் வீட்லதான் தைக்கிறேன். ஜாக்கெட் மட்டும் வெளில குடுத்துட்டு இருந்தேன், யார்கிட்ட குடுத்தாலும் ஒரே பிரச்சனை. முன் கழுத்து தூக்கிட்டு நிக்குது, ஷோல்டர் சரியுது, ஆனா மார்புகிட்ட ஊக்கு போட முடியாத அளவுக்கு இறுக்கம். லூஸ் பண்ணச் சொன்னா பக்கத் தையலைப் பிரிச்சு விடறாங்க, அப்ப கழுத்து இன்னும் தொளதொளன்னு ஆயிடுது. எல்லாருமே கேக்கறது அளவு ஜாக்கெட், அதுவே சரியில்லாதப்ப அதப் பாத்து வெட்டறது எப்படி சரியா வரும்? அதான் இனி நானே உடம்பு அளவுல இருந்து பேப்பர் கட்டிங் போட்டு தைக்கலாம்னு இருக்கேன். மார்பு 37, அதுக்குக் கீழ 31, ஷோல்டர் 13½, உயரம் 14. யூடியூப்ல ஆளுக்கு ஒரு ஃபார்முலா சொல்றாங்க, எல்லாம் 37ஐ நாலால வகுத்துதான் ஆரம்பிக்குது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

காடாத்துணி_கலா
செம்பருத்தி, நீங்க சொன்ன அந்த மூணு தொந்தரவும் ஒரே இடத்துல இருந்துதான் வருது. கழுத்து தூக்கறது, ஷோல்டர் சரியறது, மார்புல இறுக்கறது. நீங்க குடுத்த அளவுல ஒண்ணு குறையுது பாருங்க, மேல் மார்பு. டேப்பை அக்குளுக்குக் கீழ ஒட்டி, மார்புக்கு மேலால சுத்தி எடுக்கணும், பின்னாடி நேரா இருக்கணும். அது எவ்ளோ வருதுன்னு சொல்லுங்க, மார்பு பாயிண்ட், அதாவது மார்போட நுனி, ஷோல்டர்ல இருந்து எத்தனை இன்ச்னும் சொல்லுங்க.

செம்பருத்தி_தஞ்சை
இப்பதான் எடுத்தேன் அக்கா. மேல் மார்பு 34. பாயிண்ட் 10 இன்ச் இறக்கம், ரெண்டு பாயிண்டுக்கும் நடுவுல 7.

காடாத்துணி_கலா
அதான் விஷயம். உங்க எலும்புக்கட்டு 34, மார்பு 37. எல்லாரும் 37ஐ வச்சு உங்க முதுகு, கழுத்து, ஷோல்டர் எல்லாத்தையும் வரையறாங்க. முதுகு என்ன மார்பு பெருசா இருக்கறதால அகலமாவா ஆகும்? ஆகாது. அப்ப பின்பக்கம் தேவையில்லாம அகலம், கழுத்து அகலம், முன்பக்கம் மட்டும் பத்தல. பக்கத்துல பிரிச்சு விட்டா முதுகுல இன்னும் ஊத்திட்டு நிக்கும், நீங்க சொன்னது அப்படியே.

நான் பண்றது இதுதான், பொறுமையா படிங்க. பின்பக்கத்தை 34ல வரையுங்க. 34ல நாலுல ஒண்ணு 8½, அதோட கால் இன்ச் லூஸ், 8¾. ஆம்ஹோல் (கை வச்சு தைக்கற வளைவு) இறக்கம் 7, ஷோல்டர் பாதி 6¾. இப்ப முன்பக்கம். உங்க மார்பு 37, சுத்துக்கு 1 இன்ச் லூஸ் வேணும், மொத்தம் 38. பின்பக்கம் ரெண்டு பாதியும் சேந்து 17½ போயிடுச்சு, மிச்சம் 20½, அதுல பாதி 10¼. ஆக பின்பக்கம் 8¾, முன்பக்கம் 10¼, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை இன்ச் வித்தியாசம். ஆனா கழுத்து அகலமும் ஷோல்டரும் ரெண்டுலயும் ஒண்ணேதான், அதுல கை வைக்கவே கூடாது. முன்பக்கம் கூடுதலா இருக்கற அந்த அகலம் மார்பு லைன்ல மட்டும்தான் வேணும், மேல போகப் போக அக்குள் டாட் (துணிய முக்கோணமா மடிச்சுப் பிடிக்கற தையல்) அதை இழுத்துக்கும், கீழ போகப் போக அடி டாட் இழுத்துக்கும். நாலு டாட் ஜாக்கெட்ல டாட் எதுக்கு இருக்குன்னா இதுக்குத்தான். ஒவ்வொண்ணும் எவ்ளோ பிடிக்கணும்னு உங்க உடம்புதான் சொல்லணும், எல்லாருக்கும் அரை இன்ச்னு வைக்கறதுல அர்த்தமே இல்ல.

கீழ 31க்கு 1 இன்ச் லூஸ் விட்டா 32, ஒவ்வொரு பாதிக்கும் 8. பின்பக்கம் 8¾ல முக்கால் இன்ச் டாட்ல போயிடும். முன்பக்கம் 10¼ல 2¼ குறைக்கணும், ஒன்றரை டாட்ல பிடிச்சு மிச்ச முக்காலை பக்கத் தையல்ல சரிச்சு விட்ருங்க. இது எல்லாம் தையலுக்கு விடற ஓரத் துணி சேக்காத அளவு, வெட்டும்போது பக்கத்துல 1 இன்ச், ஷோல்டர்ல அரை, கழுத்துல கால் சேத்துக்கோங்க.

அப்புறம் தயவுசெஞ்சு நேரா நல்ல துணில போகாதீங்க. காடா துணி மீட்டர் கணக்குல எல்லா ஜவுளிக்கடைலயும் கிடைக்கும், இல்லன்னா பழைய வேட்டி. அதுல முன்பக்கம் பின்பக்கம் மட்டும் வெட்டி பெரிய தையல் போட்டு, ஊக்குக்கு பதிலா ஊசி குத்தி போட்டுப் பாருங்க. கண்ணாடி முன்னாடி நின்னு எங்க சுருக்கம் விழுதோ அங்க பேனால கோடு போடுங்க. என்னைக் கேட்டா தையல்ங்கறது இந்த இடத்துலதான் இருக்கு, மெஷின்ல உக்காந்து ஓட்டறது கடைசி வேலை.

கத்திரி_அண்ணன்
கலாம்மா சொல்றது கணக்குப்படி சரிதான், நான் மறுக்கல. ஆனா டெய்லருங்க பக்கமும் கொஞ்சம் பேசறேன். நான் 25 வருஷமா லேடீஸ் டெய்லரிங்ல இருக்கேன், அதுக்கு முன்னாடி திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில கட்டிங். கடைக்கு வர்ற பொம்பளைங்க அளவெடுக்க நிறைய பேர் கூச்சப்படுவாங்க, அதுலயும் ஆம்பளை டெய்லர்னா சொல்லவே வேணாம், அதனாலதான் அளவு ஜாக்கெட் பழக்கமே நிலைச்சு நின்னுது. தீபாவளி பொங்கல் சமயத்துல மலை மாதிரி துணி குவிஞ்சிருக்கும், ஒவ்வொருத்தருக்கும் பேப்பர் போட்டு காடால தைச்சுப் பாத்து குடுக்க முடியுமா? சாக்பீஸை எடுத்து துணி மேல நேரா போட்டு வெட்டத்தான் முடியும். இன்னொண்ணு, முன்பக்கத்தை கிராஸ் கட்ல, அதாவது நூல் ஓட்டத்துக்கு சாய்வா, வெட்டிட்டா பாதி பிரச்சனை தானா போயிடும், துணி இழுத்துக் குடுக்கும், மார்புல அழகா உக்காரும். உங்களுக்கு வெட்டிக் குடுத்தவங்க நேர் கட்ல வெட்டியிருப்பாங்க.

காடாத்துணி_கலா
அண்ணா, கிராஸ் கட் உக்காரும், ஒத்துக்கறேன், ஆனா அது துணியோட இழுவைல உக்காருது. நாலு தடவை துவைச்சதும் கிராஸ் இறங்கி, டாட் பாயிண்ட் கீழ போயிடுது. அதோட 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் பிட்ல நீளக் கை வச்சு கிராஸ் கட் எடுக்கறது ரொம்ப கஷ்டம், கை ஒட்டுப் போடணும். லைனிங் வச்சா லைனிங்கையும் அதே கிராஸ்ல வெட்டணும், நிறைய பேர் லைனிங்கை நேர்ல வெட்டி மேல் துணிய கிராஸ்ல வெட்டறாங்க, அப்ப ரெண்டும் ரெண்டு மாதிரி இழுத்து சுருங்கி நிக்குது. திருப்பூர்ல இருந்தீங்கன்னு சொல்றீங்க, அங்க பேட்டர்ன், அதான் பேப்பர் கட்டிங், இல்லாம ஒரு பீஸ் வெட்டுவாங்களா அண்ணா?

கத்திரி_அண்ணன்
வெட்டமாட்டாங்கம்மா. பேட்டர்ன் மாஸ்டர்னு ஒருத்தர் இருப்பார், அவர் வச்சதுதான் சட்டம். முதல்ல சாம்பிள் தைச்சு வாங்கற வெளிநாட்டு கம்பெனிக்கு அனுப்பி, அவங்க கழுத்து கால் இன்ச் குறைங்கன்னு சொல்லி, திரும்ப தைச்சு, ஓகே ஆனப்புறம்தான் சைஸ் சைஸா பிரிப்பாங்க. நீங்க சொல்ற காடா துணி வேலையத்தான் அவங்களும் பண்றாங்க. வீட்ல ஒரே ஆளுக்கு வருஷம் பூரா தைக்கறவங்களுக்கு பேப்பர்தான் லாபம், அதை நான் முழுசா ஒத்துக்கறேன். கடையில அது ஓடாது.

ஒரு விஷயம் சேத்துக்கோங்க தங்கச்சி, டாட்டை பாயிண்ட் வரைக்கும் ஓட்டாதீங்க, முக்கால் இன்ச் முன்னாடியே முடிச்சிருங்க. முடியற இடத்துல கடைசி ரெண்டு மூணு தையல் மடிப்பு ஓரத்துலயே ஓடணும், அங்க ரிவர்ஸ் போட்டு கெட்டி பண்ணக்கூடாது, நூலை நீளமா விட்டு கையால முடிச்சு போடணும். ரிவர்ஸ் போட்டா அந்த இடம் கூம்பு மாதிரி குத்திட்டு நிக்கும். டாட் தைச்சதும் அயர்ன் போட்டு அமுக்கிட்டுதான் அடுத்த வேலை.

நியூஜெர்சி_நூல்
நல்ல டாபிக், ரொம்ப நாளா இப்படி ஒண்ணு எதிர்பார்த்தேன். நான் இங்க அமெரிக்கால கடைல கவர்ல போட்டு விக்கற பேட்டர்ன் வாங்கி குர்த்தி, டிரெஸ், பேண்ட் தைக்கறேன். இந்த ஊர்ல இது பழைய பழக்கம், 1863லயே மசாசூசெட்ஸ்ல எபனேசர் பட்டரிக்னு ஒரு தையல்காரர் சைஸ் சைஸா பேப்பர் பேட்டர்ன் விக்க ஆரம்பிச்சுட்டார், அந்தப் பேர்ல நூறு வருஷத்துக்கு மேல பேட்டர்ன் வந்துச்சு. கலா அக்கா சொன்ன மேல் மார்பு கணக்கு இங்கயும் அப்படியே பொருந்தும். பெரிய கம்பெனி பேட்டர்ன் பெரும்பாலும் பி கப்புக்குத்தான் வரையறாங்க, அதாவது மேல் மார்புக்கும் மார்புக்கும் வித்தியாசம் 2 இன்ச் இருக்கறவங்களுக்கு. அதுக்கு மேல இருந்தா மேல் மார்பை வச்சு சைஸ் எடுத்துட்டு, முன்பக்க பேப்பரை வெட்டி விரிச்சு மார்புல மட்டும் அகலம் சேக்கணும்.

வாங்கி தைக்கறவங்களுக்கு சில விஷயம். கவர் மேல போட்டிருக்கற சைஸ் கடை சைஸ் இல்ல, கடைல 8 போடறவங்களுக்கு பேட்டர்ன்ல 14 கூட வரும், அத பாத்து பயப்படாதீங்க, அளவை மட்டும் பாருங்க. அமெரிக்க பேட்டர்ன்ல பெரும்பாலும் ⅝ இன்ச் தையல் உள்ளயே சேந்திருக்கும், ஜெர்மனியோட பர்டா பத்திரிகைல தையல் சேத்திருக்க மாட்டாங்க, நீங்கதான் சேக்கணும். இதைப் பாக்காம வெட்டினா மொத்த டிரெஸ்ஸும் ஒரு சைஸுக்கு மேல சின்னதாயிடும். பர்டா ஷீட்ல ஒரே பேப்பர்ல பத்து இருபது பேட்டர்ன் ஒண்ணு மேல ஒண்ணா கோடு போட்டிருக்கும், அதை வெட்டக்கூடாது, மேல டிரேசிங் பேப்பர் வச்சு நம்ம சைஸ் கோட்டை மட்டும் எடுக்கணும். அப்புறம் உயரம். பர்டா 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு வரையறாங்க, நான் 5 அடி 1. கீழ மடிச்சு தைச்சா போதும்னு நினைக்காதீங்க, இடுப்பு வளைவு வேற இடத்துல வந்து நிக்கும். மார்புக்கும் இடுப்புக்கும் நடுவுல பேப்பரை மடிச்சு ஒட்டணும், அப்பதான் வளைவு உங்க இடுப்புல வரும்.

யாழ்_ஊசி
வணக்கம் அக்காமார். நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இலங்கைக்கு சிங்கர் கொம்பனி 1877லயே வந்திட்டுது, எங்கட அம்மம்மாவின்ர கறுப்பு மிதி மெசின் இப்பவும் நல்லா ஓடுது, அதிலதான் நான் தைக்கிறன். இங்க பள்ளிக்கூடச் சீருடைக்கு அரசாங்கம் துணியாத்தான் தாறது, தைக்கிறது எங்கட வேலை, அதால கனபேர் வீட்டில தைக்கப் பழகினவைதான். என்ர கேள்வி என்னெண்டா, மகள் ஒவ்வொரு வருசமும் வளருறா, நான் போன வருசப் பேப்பரைச் சுத்திவர ஒரு இஞ்சி கூட்டி வெட்டுறன், கழுத்துப் பெரிசாகி தோள்மூட்டு கையில வந்து நிக்குது. எங்க கூட்டவேணும்?

நியூஜெர்சி_நூல்
சுத்திவர கூட்டவே கூடாதுங்க, கழுத்தும் ஷோல்டரும் பிள்ளைங்களுக்கு அவ்ளோ சீக்கிரம் வளராது. பேப்பரை குறுக்க ரெண்டு இடத்துல வெட்டுங்க, ஒண்ணு ஆம்ஹோல் நடுவுல, ஒண்ணு அக்குளுக்கும் இடுப்புக்கும் நடுவுல. ஆம்ஹோல்கிட்ட கால் இன்ச், இடுப்புகிட்ட தேவையான அளவு விரிச்சு பின்னாடி பேப்பர் ஒட்டுங்க. அகலத்துக்கு ஷோல்டர் நடுவுல இருந்து கீழ வரைக்கும் நேரா ஒரு வெட்டு, அதுல கால் இன்ச் விரிங்க, ஒரு பாதிக்கு கால்னா சுத்துக்கு 1 இன்ச் ஆச்சு. கழுத்தை தொடவே தேவையில்ல. ஆம்ஹோல் விரிஞ்சதால கையோட மேல் வளைவையும் அதே மாதிரி விரிக்க மறக்காதீங்க.

யாழ்_ஊசி
சரியா விளங்கிட்டுது, நன்றி அக்கா. பாவாடைப் பக்கம் நான் அடியில மூண்டு இஞ்சி மடிச்சு விடுறனான், அது அவிட்டு இறக்கலாம், மேல் உடம்புதான் சிக்கலாக் கிடந்தது. இந்த முறை வெட்டி ஒட்டிப் பாக்கிறன்.

காலர்_பிரியன்
ஆம்பளைங்களும் இங்க பேசலாம்ல? நான் சேலம், என் சட்டை எல்லாம் நானே தைக்கிறேன். உடம்பு அளவை டைப் பண்ணா அந்த அளவுக்கே பேட்டர்ன் வரைஞ்சு குடுக்கற ஃப்ரீசூயிங்னு ஒரு ஓப்பன் சோர்ஸ் தளம் இருக்கு, காசு கிடையாது, சட்டை பேண்ட் எல்லாம் இருக்கு. பிடிஎஃப்பா எடுத்து ஏ4ல பிரிண்ட் போட்டு ஒட்டிக்கலாம். ஜெராக்ஸ் கடைல குடுக்கும்போது பக்கத்துக்கு அடக்கற மாதிரி சுருக்காம 100 சதவீதத்துலயே போடச் சொல்லுங்க, முதல் பக்கத்துல ஒரு சதுரம் இருக்கும், அதை ஸ்கேல் வச்சு அளந்து பாத்துட்டு மிச்சத்தை பிரிண்ட் போடுங்க. எனக்கு கேள்வி காலர்ல. முனை கூர்மையா வரமாட்டேங்குது, மொத்தமா உருண்டு நிக்குது.

கத்திரி_அண்ணன்
தம்பி, பக்ரத்தை (காலருக்கு உள்ள வைக்கற விறைப்புத் துணி) தையல் வரைக்கும் வச்சு தைக்காதீங்க, தையல் கோட்டுக்கு உள்ள அளவா வெட்டி ஒட்டுங்க. முனைக்கு வரும்போது ஊசிய நேரா திருப்பாம குறுக்கால ஒரு தையல் போட்டு அப்புறம் திரும்புங்க, துணி மடங்க இடம் கிடைக்கும். முனைல உள் தையலை சாய்ச்சு வெட்டிடுங்க. கீழ்க் காலரை மேல்க் காலரை விட ஒரு நூல், அதாவது ⅛ இன்ச், சின்னதா வெட்டினா காலர் தானா கீழ்ப்பக்கமா உருண்டு உக்காரும், தையல் வெளில தெரியாது.

செம்பருத்தி_தஞ்சை
கலா அக்கா, நீங்க சொன்ன மாதிரியே பேப்பர்ல வரைஞ்சு காடால தைச்சுப் போட்டுப் பாத்துட்டேன். கழுத்து அப்படியே தோலோட ஒட்டி உக்காருது!! குனிஞ்சா கூட தூக்கல, ஷோல்டர் அசையவே இல்ல, மார்புலயும் இறுக்கம் இல்ல, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. இத்தனை வருஷம் என் உடம்புலதான் ஏதோ குறைன்னு நினைச்சுட்டு இருந்தேன். இப்ப கை வச்சுப் பாத்தேன், கையைத் தூக்கினா மொத்த ஜாக்கெட்டும் மேல ஏறுது, முழங்கைக்கு மேல சதை இருக்கற இடத்துல பிடிக்குது. கைச் சதை 11½. நான் கைய 12 அகலத்துல, கையோட மேல் வளைவு உயரம் 3½ வச்சேன். ஆம்ஹோலை இன்னும் பெருசா தோண்டினா சரியாகுமா?

காடாத்துணி_கலா
ரொம்ப சந்தோஷம் செம்பருத்தி. உங்க உடம்புல ஒரு குறையும் இல்ல, வரைஞ்ச கணக்குலதான் குறை.

ஆம்ஹோலை தோண்டாதீங்க, தோண்டினா இன்னும் மோசமாகும். எல்லாரும் கை பிடிக்குதுன்னா உடனே கீழ வெட்டிடறாங்க. ஆம்ஹோல் எவ்ளோ கீழ இறங்குதோ கை தூக்கும்போது அவ்ளோ துணிய பக்கத்துல இருந்து மேல இழுக்கும். அக்குள்ல இருந்து அரை இன்ச்ல இருந்து முக்கால் இன்ச் கீழ ஆம்ஹோல் அடி நிக்கணும், ஒரு விரல் போற அளவு. முதல்ல அதைப் பாருங்க, 7 இன்ச்ல கீழ இருந்தா ஏத்துங்க, பேப்பர்ல ஏத்தறது சுலபம்.

அடுத்தது கை. 11½ சதைக்கு 12 பத்தாது, லைனிங் வேற வரும், 12¾ வைங்க. வளைவு உயரத்தை 3½ல இருந்து 3க்கு இறக்குங்க. உயரம் குறைஞ்சா கை அகலமாகும், தூக்க வசதி, கையைத் தொங்க விட்டா அக்குள்ல லேசா ஒரு மடிப்பு விழும், ஜாக்கெட்ல அது இருந்தாதான் வேலை செய்ய முடியும். உயரம் கூடினா தொங்க விட்டப்ப அழகு, தூக்கினா பிடிக்கும். போட்டோவுக்கு மட்டும் போடற ஜாக்கெட்னா 3½ வைங்க, தினம் போட்டுட்டு துணி காயப்போடறவங்க 3தான் வைக்கணும். மாத்தினதும் டேப்பை நிமித்தி ஓரத்துல நிக்க வச்சு வளைவு மேலயே ஓட்டி அளங்க, தையல் கோட்டுல அளக்கணும், வெட்டற கோட்டுல இல்ல. கை வளைவு ஆம்ஹோலை விட அரை இன்ச் கூட இருந்தா போதும், அதுக்கு மேல இருந்தா ஷோல்டர்ல கொசுவம் விழும். முன்பக்க வளைவு பின்பக்கத்தை விட கொஞ்சம் உள்ள தோண்டியிருக்கணும், அதுல குறி போட்டு வைங்க, கை மாறிப் போச்சுன்னா எவ்ளோ நல்ல பேட்டர்னும் வீண்.

செம்பருத்தி_தஞ்சை
ஆம்ஹோலை அரை இன்ச் ஏத்தி, கையை நீங்க சொன்ன மாதிரி வெட்டிப் பாத்தேன், ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினாலும் ஜாக்கெட் இடத்துலயே நிக்குது. இதையே கெட்டி சார்ட் பேப்பர்ல எடுத்து வச்சுக்கறேன். அடுத்து பட்டு ஜாக்கெட் தைக்கணும் அக்கா, புடவையோட வந்த பிட்டு, கைல பார்டர் வரணும். லைனிங் ரூபியா. நனைச்சு வெட்டணுமா?

காடாத்துணி_கலா
சார்ட்ல எடுக்கும்போது தேதி, அன்னிக்கு மார்பு அளவு, தையல் சேத்ததா சேக்காததா, இந்த மூணையும் ஒவ்வொரு துண்டு மேலயும் எழுதிடுங்க, நேர் நூல் போற பக்கம் ஒரு அம்புக்குறியும்.

ரூபியாவை ராத்திரி முழுக்க தண்ணில ஊற வச்சு, நிழல்ல காயவச்சு, லேசா ஈரம் இருக்கும்போதே அயர்ன் பண்ணி அப்புறம் வெட்டுங்க, பருத்தி கண்டிப்பா சுருங்கும். பட்டை நனைக்காதீங்க. ஊசி 11 நம்பர் புதுசா மாத்திக்கோங்க, 16 போட்டு பட்டுல தைச்சா வரிசையா ஓட்டை தெரியும், பிரிச்சா அது போகவே போகாது. அதனாலதான் காடால எல்லாத்தையும் முடிச்சுட்டு வரச் சொல்றது.

பார்டர் விஷயம். பிட்டை விரிச்சதும் முதல்ல கையை வைங்க, முன்பக்கத்தை இல்ல. கையோட கீழ் ஓரம் பேப்பர்ல வளைவா இருந்தா நேர்கோடா மாத்திடுங்க, பார்டர் நேராத்தான் ஓடும், வளைவுக்கு மடிச்சா ஜரிகை உடையும். ரெண்டு கையும் ஒரே பார்டர்ல பக்கத்துல பக்கத்துல வச்சு, முன் வளைவு ஒண்ணை ஒண்ணு பாக்கற மாதிரி வெட்டுங்க. மிச்ச துணில பின்பக்கம், அப்புறம் முன்பக்கம், மார்புக்குக் கீழ வர்ற பட்டி கடைசி. துணி பத்தலன்னா கிராஸ் பட்டியோட உள் துண்டை லைனிங்லயே எடுத்துக்கலாம், வெளில தெரியாது.

கத்திரி_அண்ணன்
பட்டுக்கு இன்னொண்ணு தங்கச்சி, சாக் வேணாம், சிலதுல கறை நிக்கும். லைனிங்ல குறி போட்டு, லைனிங்கை பட்டோட சேத்து ஓரமா கைத் தையல் ஓடிட்டு, அந்தக் குறி மேலயே டாட் பிடிங்க, ரெண்டு துணியும் நகராம ஒண்ணாப் போகும்.